பக்கச் சக்கரம் மாட்டினால் மட்டும் போதாது: மாற்றுத்திறனாளி ஸ்கூட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரத்தை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்பிப் பட்டறைக்குப் போகிறவர்கள் அதிகம். அங்கேயும் வண்டி என்ன மாடல் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஓட்டப்போகிறவருக்கு எந்தக் கையில் வலு இருக்கிறது, சாயாமல் உட்கார முடியுமா, காலில் உணர்ச்சி உண்டா என்று கேட்பவர்கள் குறைவு. முதல் தவறே இதுதான்.

போலியோவால் ஒரு கால் மெலிந்தவருக்கும் தண்டுவடத்தில் அடிபட்டவருக்கும் ஒரே கிட் (பக்கச் சக்கரமும் அதைப் பொருத்தும் பாகங்களும் அடங்கிய தொகுப்பு) பொருந்தாது. முதலாமவருக்குக் கால் ஊன்றி வண்டியைத் தாங்குவதுதான் சிரமம். பக்கச் சக்கரம் அதைத் தீர்த்துவிடும். தண்டுவடப் பாதிப்பு உள்ளவருக்கு முதுகுக்குச் சாய்மானமும் நல்ல குஷனும் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருந்து அழுத்தப்புண் வரும். உணர்ச்சியில்லாத கால் பின்னால் நழுவிச் சூடான சைலன்சரில் பட்டாலும் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். கால் வைக்கும் இடத்தில் விளிம்புத் தடுப்பும், பாதத்தைப் பிடித்துக்கொள்ள வெல்க்ரோ பட்டையும் வைக்கப் பெரிய செலவு ஆகாது. வலது கை பலவீனமானவருக்கு ஆக்ஸிலரேட்டரை இடப்பக்கம் மாற்றாமல் வண்டியைக் கொடுப்பதோ கொடுமை.

அடுத்தது பிரேக். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். பக்கச் சக்கரங்களில் பெரும்பாலும் பிரேக் இருக்காது, ஆனால் பின்பக்க எடையில் ஒரு பங்கை அவை வாங்கிக்கொள்ளும். நடுவில் உள்ள பின்சக்கரம் தரையை அழுத்துவது குறைந்தால் பின்பிரேக்கின் பிடிப்பும் குறையும். ஷாக் அப்சார்பர் இல்லாமல் அச்சை நேராக வெல்டிங் செய்த வண்டி பள்ளத்தில் இறங்கினால், பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் நிற்க, பின்சக்கரம் அந்தரத்தில் வெறுமனே சுற்றும். பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள்: வண்டிக்காரரை மேலே உட்காரவைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒரு பக்கச் சக்கரத்தைப் படுக்கவைத்த செங்கல்மீது ஏற்றுங்கள். பின்சக்கரம் அப்போதும் தரையில் அழுந்தி நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்த வேலையை ஏற்காதீர்கள்.

முன்பு இருசக்கர வண்டி ஓட்டிப் பழகியவர்கள் வளைவில் ஏமாறுகிறார்கள். பக்கச் சக்கரம் உள்ள வண்டி சாயாது; ஹேண்டிலைத் திருப்பித்தான் வளைக்க வேண்டும். வேகமாகத் திருப்பினால் வளைவுக்கு வெளிப்புறமாகக் கவிழப் பார்க்கும். வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பை உட்பக்கம் சாய்த்துத் திரும்பிப் பழக ஒரு காலி மைதானம் தேவை. ஹேண்டில் நுழைகிற சந்தில் பக்கச் சக்கரம் நுழையாது என்பதும் அங்கேயே பழகிவிடும்.

அப்புறம் காகித வேலை. மாற்றுத்திறனாளி வண்டி எது என்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்த பழைய வரையறை, அவருக்கென்றே தயாரித்த வண்டியை மட்டுமே கணக்கில் எடுத்தது. 2019 திருத்தம், முறைப்படி மாற்றியமைத்த வண்டியையும் சேர்த்துக்கொண்டது. ‘முறைப்படி’ என்பதுதான் முக்கியம். அங்கீகாரம் பெற்ற கிட்டைப் பொருத்தி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, மாற்றத்தை வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஓட்டுநர் உரிமமும் இந்த வகை வண்டிக்கானதாக இருக்க வேண்டும். லேத் பட்டறையில் மாட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால், விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வெடிக்கும்.

சொந்தப் பணத்தில் இறங்கும் முன், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். கால்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைத் தமிழ்நாடு அரசே இலவசமாகத் தருகிறது. அப்படிக் கிடைத்த வண்டியானாலும் செங்கல் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஊன்றுகோல் மாட்ட ஒரு கொக்கியும் கேட்டு வாங்குங்கள்.