போர்டைப் பார்த்துப் பள்ளியில் சேர்க்காதீர்கள்

மே மாதம் வந்தால் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவோம். போன வருடம் ஒரு விசைத்தறித் தொழிலாளி மகளை ஏழாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிவந்தார். டீசியைப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆறாம் வகுப்பு மட்டும் ஒரு தனியார் பள்ளி.

"டாக்டராகோணும்னு சொல்லுதுங்க டீச்சர். அதான் இங்கிலீஸ் பள்ளிக்கூடத்துல போட்டனுங்க. பீஸ் கட்டி முடியலீங்க."

அந்த ஆறாம் வகுப்புதான் வினையாகிவிட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளிக்குப் போனவர்களுக்கு எட்டாம் வகுப்பு வரை விலக்கு உண்டு. இவர் முழுக் கட்டணம் கட்டிச் சேர்த்தவர். விஷயத்தைச் சொன்னதும், "ஒரு வருசந்தானுங்களே" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பள்ளியின் வகையை மாற்றுவதைச் சட்டை மாற்றுவது போல நினைப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. அதன் பலன் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். அரசு உதவிபெறும் பள்ளியும் 'கவர்ன்மென்ட் பள்ளிக்கூடம்தானே' என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 7.5 சதவீதத்திற்கு அது சேராது. மாநகராட்சி, ஆதிதிராவிடர் நல, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் சேரும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. அதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களை 2024 கடைசியில்தான் அதில் சேர்த்தார்கள்.

இன்னொன்று, மீடியம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு என்பது 2010-ஆம் ஆண்டுச் சட்டம். இன்றைக்கு டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிக்கும்போது முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று சான்றிதழ் கேட்கிறார்கள். 2012 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகிவிட்டன. சேர்க்கை மேசையில் "எந்த மீடியம்?" என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் "இங்கிலீஷ்" என்கிறார்கள். ஆங்கில வழி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

அந்தப் பெண்ணிடம் அறிவியல் கேட்டேன். ஒளிச்சேர்க்கைக்கு ஆங்கிலத்தில் நாலு வரி, மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "சரி கண்ணு, அப்ப ராத்திரியில இந்த வேப்ப இலை என்ன பண்ணும்?" என்றேன். மேலே மரத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். தமிழிலும் பதில் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. மக்கு இல்லை அவள். ஒரு வருடம் முழுக்கக் கேள்வியே கேட்காமல் எழுதிப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளைக்கு ஆங்கில வழி என்றால் பள்ளிக் கட்டணம், வேன் காசு, அதற்கு மேல் டியூஷன் என்று மூன்றையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பிள்ளை சரியாகப் படிக்கிறதா என்று தெரிய மார்க் அட்டை போதாது. இன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

'மெட்ரிக்' என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசு எனக்கு இன்னும் புரியவில்லை. ஒரு காலத்தில் மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு பாடத்திட்டம் இருந்தது உண்மை. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு பத்தாம் வகுப்பு வரை சமச்சீர்க் கல்வி வந்து அது முடிந்துபோனது. இன்று மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் எங்கள் பள்ளிப் பிள்ளையும் ஒரே பாடத்திட்டத்தைப் படித்து ஒரே பொதுத்தேர்வுதான் எழுதுகிறார்கள். 'சிபிஎஸ்இ பேட்டர்ன்' என்று எழுதியிருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். பேட்டர்ன் வேறு, அங்கீகாரம் வேறு. இணைப்பு எண் கேட்டு சிபிஎஸ்இ இணையதளத்தில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அதேபோல 'மாண்டிசோரி'. அந்தக் கற்பிக்கும் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து பயிற்சி நடத்தியவர். ஆனால் அவர் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், தடை இல்லை. உள்ளே போய்ப் பாருங்கள். மூன்று முதல் ஆறு வயது வரை எல்லாரும் ஒரே அறையில் கலந்து இருக்கிறார்களா? பொருள்கள் குழந்தையின் கைக்கெட்டும் அலமாரியில் இருக்கின்றனவா? எதை எடுப்பது என்று குழந்தையே முடிவு செய்கிறதா? வரிசையாக பெஞ்ச் போட்டு எல்கேஜி பிள்ளை 1 முதல் 100 வரை வீட்டுப்பாடம் எழுதினால், அங்கே மாண்டிசோரி போர்டோடு சரி.

இதில் ஒரு வேடிக்கை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் ஆரம்பித்த செயல்வழிக் கற்றலை 2007-இல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார்கள். பாய், அட்டைகள், பிள்ளையின் உயரத்தில் கரும்பலகை, அவரவர் வேகத்தில் படிப்பு. அப்போது நான் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். "பாய்ல உக்கார வெச்சு வெளையாட உடறாங்க, பாடமே நடத்தறதில்ல" என்று சொல்லி பெஞ்ச் போட்ட பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். இன்றைக்குக் கிட்டத்தட்ட அதே பாய்க்குத்தான் மாண்டிசோரி என்ற பெயரில் ஊர் ஊராகக் காசு கொடுக்கிறோம்.

எங்கள் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மார்க்குக்காகப் பிள்ளைகளைக் கறிக்கோழி போல அடைத்து வளர்ப்பதால் 'பிராய்லர் பள்ளி' என்ற பெயரை ஊரே வைத்துவிட்டது. பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்துகின்றன என்பதால்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே பிளஸ் ஒன் சேர்க்கும்போது, இந்த வருடம் எந்தப் புத்தகம் நடக்கும் என்று நேரடியாகக் கேளுங்கள். இழுத்து மழுப்பினால் வேறு பள்ளி பாருங்கள். கல்லூரி முதல் வருடத்தில் கணக்கும் இயற்பியலும் பதினொன்றாம் வகுப்பு அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் இன்டர்வியூ வைப்பது சட்டப்படியே தப்பு. தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசின் கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையைத் தெரிந்துகொண்டு போங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். 25 சதவீத இடம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது. அப்புறம், ஏசி ஹாலைப் பார்த்து மயங்காமல் மாடிப்படியின் அகலத்தையும் கூரையையும் பாருங்கள். 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். 2012-இல் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் அதன் பிறகுதான் வந்தன.

நான் அரசு சம்பளம் வாங்குகிறவள், அதனால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. எங்கள் தெருவிலிருந்து காலை ஏழு மணிக்குள் நாலு கலரில் நாலு வேன் கிளம்புகிறது. ஒரே தெருப் பிள்ளைகளுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. அதைவிட மோசம், கேள்வி கேட்க வாய் உள்ள பெற்றோர்தான் அரசுப் பள்ளியை விட்டு முதலில் கிளம்பிவிடுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், அதில் பெண்கள் பாதி என்பது சட்டம். ஆனால் கூட்டத்திற்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தத் தறிக்காரர் ஜூலைக் கூட்டத்திற்கு வந்தார். கையெழுத்துப் போடும் முன், "பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம்ல தண்ணி எப்பங்க வரும்?" என்று கேட்டார். தலைமையாசிரியர் மோட்டார் காயில் எரிந்த கதையைச் சொன்னார். "எங்க தறிக்கூடத்துக்குக் காயில் கட்டற ஆளு இருக்கறாருங்க, கூட்டியாறேன்" என்றார் அவர். வெள்ளிக்கிழமை தண்ணீர் வந்தது.