சுங்கை சிப்புட்டுக்கு ஏர் இம்பெக்ட் வாங்கிப் போகிறவர்கள் கவனத்துக்கு

மெல்பர்ன், லண்டன், சிங்கப்பூர் என்று எங்கே பிழைப்பு நடத்தினாலும் சரி, மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் வளர்ந்தவர் ஊருக்கு டிக்கெட் போட்டார் என்று தெரிந்ததுமே பட்டியல் வர ஆரம்பித்துவிடும். சாக்லேட், சென்ட் எல்லாம் ஒரு பக்கம். உறவில் டயர் கடையோ லோரி வொர்க்‌ஷாப்போ வைத்திருக்கும் மச்சான் ஒருவர் இருந்தால், "அங்க ஒரிஜினல் ஏர் இம்பெக்ட் கிடைக்குமாமே, வரும்போது ஒண்ணு கொண்டு வாங்களேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவும் சேர்ந்து வரும். காற்றழுத்தத்தில் சக்கர நட்டைக் கழற்றவும் இறுக்கவும் உதவும் துப்பாக்கி மாதிரியான கருவிதான் அது, சுருக்கமாகக் கன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காசைக் கொண்டுபோய், மச்சானையும் காரில் ஏற்றிக்கொண்டு, ஈப்போவில் வாங்கிக் கொடுங்கள். அரை மணி நேரத் தூரம்தான். வெளிநாட்டில் வாங்கினால்தான் ஒரிஜினல் என்ற நினைப்பு நம் ஆட்களிடம் இன்னும் போகவில்லை. நீங்கள் மெல்பர்னில் எடுக்கும் கன்னும் ஈப்போ தவுக்கே (கடை முதலாளி) அலமாரியில் இருக்கும் கன்னும் ஒரே தைவான் தொழிற்சாலையிலிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சரி, கடைக்குப் போவதற்கு முன் மச்சானிடம் எந்த நட்டைக் கழற்றப் போகிறார் என்று கேளுங்கள். மைவி, சாகா மாதிரி கார்கள் மட்டும் வரும் கடை என்றால் அரை இஞ்ச் கன் தாராளம். நட்டில் பொருத்தும் சாக்கெட்டை மாட்டும் சதுர முனையின் அளவுதான் இந்த இஞ்ச். மைவி சக்கர நட்டு 21 எம்.எம்., அதை இறுக்க வேண்டிய டார்க்கே (முறுக்கு விசை) 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். செம்பனைக் குலை ஏற்றி வரும் ஹீனோ, இசுசு, ஃபூசோ லோரிகள் வேறு கதை. பழைய ஜப்பான் முறை இரட்டைச் சக்கரத்தில் வெளி நட்டு 41 எம்.எம்., அதற்குள்ளே 21 எம்.எம். சதுரத் தலை, புதிய ஐ.எஸ்.ஓ. முறையில் 33 எம்.எம். ஒரே நட்டு. இவை 550, 600 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கப்படுபவை. அதற்கு மேல் தோட்டத்து மண் சாலையின் சேறும் துருவும் சேர்ந்து இறுகிக் கிடக்கும்போது அரை இஞ்ச் கன்னை வைத்து மல்லுக்கட்டினால் கன் சூடாகும், நட்டு அசையாது. அங்கே 1 இஞ்ச் வேண்டும். முக்கால் இஞ்ச் சின்ன லோரிக்கும் டிராக்டருக்கும் சரியாக இருக்கும்.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். இங்கர்சால் ராண்ட் 2235 டைமேக்ஸ் நல்ல கன், நானே சிபாரிசு செய்வேன். ஆனால் அதற்குச் சொல்லப்படும் 1350 அடி-பவுண்டு, கழற்றும் திசையில் இறுகிய நட்டை உடைக்கும் கணத்துக்கான எண். இறுக்கும் திசையில் 930தான். பல கம்பெனிகளும் இப்படித்தான் செய்கின்றன. ஒரு பெட்டியில் நியூட்டன் மீட்டர், பக்கத்துப் பெட்டியில் அடி-பவுண்டு என்றால் இன்னும் குழப்பம். அடி-பவுண்டை 1.356-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். போனை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

இனி காற்று. புதுக் கன்னுக்கு பலமே இல்லை என்று வரும் குறைகளில் பல காற்றால்தான். இந்தக் கன்கள் பெரும்பாலும் 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை, அந்த 90 கன்னின் வாயில், அதுவும் கன் ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்க வேண்டும். கம்ப்ரெசர் தொட்டியின் முள் 120 காட்டுகிறது என்பதால் ஒன்றும் ஆகிவிடாது. கடை மூலையில் கம்ப்ரெசர், அங்கிருந்து வாசல்வரை மெல்லிய சுருள் ஹோஸ், நடுவில் மூன்று கப்ளர் (ஹோஸை இணைக்கும் பூட்டு), ஒவ்வொன்றிலும் சன்னமாக 'ஸ்ஸ்' என்று ஒரு கசிவு என்றால் கன்னுக்கு வந்து சேரும் காற்று எவ்வளவு இருக்கும்? அரை இஞ்ச் கன்னுக்கு உள்விட்டம் 10 எம்.எம். ஹோஸ் வேண்டும், முக்காலுக்கு 13 எம்.எம்., 1 இஞ்சுக்கு 19 எம்.எம். வரை போகலாம். கம்ப்ரெசர் ஒரு குதிரைத் திறனுக்கு நிமிடத்துக்கு மூன்று, நான்கு கன அடி காற்றுத்தான் தரும் என்பது பட்டறைக் கணக்கு. வீட்டு பிளக்கில் ஓடும் 2 குதிரைத் திறன் கம்ப்ரெசரில் 1 இஞ்ச் கன்னை மாட்டினால் முதல் நட்டு கழன்றுவிடும், இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டும். பல நேரம் மச்சானுக்கு உண்மையில் தேவைப்படுவது புதுக் கன்னே இல்லை, தடித்த ஹோஸும் நல்ல கப்ளரும்தான். அதை வாங்கிக் கொடுத்தால் யாரும் மாலை போட மாட்டார்கள், வேலை நடக்கும்.

பாசம் பொங்கி கம்ப்ரெசரையே கன்டெய்னரில் அனுப்பலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில் பட்டறையில் வைக்கும் காற்றுக் கலனுக்கு ஜே.கே.கே.பி. (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) பதிவு எண்ணும் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். அதை உள்ளூரில், பதிவோடு விற்பவரிடமே வாங்கட்டும்.

எங்கே செய்தது என்பதற்கு வருகிறேன், சண்டை வருவதே இதில்தான். 'அமெரிக்கன் பிராண்டு' என்பதும் 'அமெரிக்காவில் செய்தது' என்பதும் வேறு வேறு. சிக்காகோ நியூமேட்டிக் பெயரிலேயே சிக்காகோ இருக்கிறது, ஆனால் 1987 முதல் அது ஸ்வீடனின் அட்லஸ் காப்கோவுக்குச் சொந்தம். ஏர்கேட் அமெரிக்காவில் ஓகோவென்று விற்கும் பெயர், கன் தைவானில் செய்யப்படுகிறது. தைவான் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். தைச்சுங் நகரமும் சுற்று வட்டாரமும் உலகத்துக்கே கைக்கருவி செய்து கொடுக்கும் இடம். கிங் டோனி, எம்7, கிசன் எல்லாம் அந்தப் பக்கத்துக் கம்பெனிகள்தான். வேறு நாட்டுப் பெயர்களுக்கும் அங்கேதான் நிறைய ஆர்டர் போகிறது. கார் வொர்க்‌ஷாப்புக்கு நல்ல தைவான் கன்னே போதும், மேலே கொடுக்கும் பணம் பெயருக்குத்தான்.

லோரி டயர் கடைக்கு மட்டும் என் ஓட்டு ஜப்பானுக்கு. கூக்கென், உரியூ இரண்டும் ஒசாகா வட்டாரத்துக் கம்பெனிகள், ஷினானோவும் ஜப்பான்தான். காலையிலிருந்து இரவுவரை அடிவாங்கும் கன்னில் உள்ளே அடிக்கும் சுத்தியல் பாகமும் அந்த அடியை வாங்கிச் சாக்கெட்டைச் சுற்றும் ஆன்வில்லும் எந்த இரும்பில், எப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது என்பதுதான் ஆயுளை முடிவு செய்கிறது. அது கடையில் கண்ணுக்குத் தெரியாத விஷயம், அதனால்தான் பெயர் பார்க்க வேண்டியிருக்கிறது. சீனாவிலும் நல்ல தொழிற்சாலைகள் இருக்கின்றன. நான் பயப்படுவது பெயரும் முகவரியும் இல்லாத கன்னுக்கு. 'ஜப்பான் டெக்னாலஜி', 'ஜெர்மன் டிசைன்' என்று பெட்டி முழுக்க எழுதியிருக்கும், எந்த நாட்டில் செய்தது என்று மட்டும் எங்கேயும் இருக்காது. பெட்டியை விட்டுவிட்டுக் கன்னின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். மாடல் எண், சீரியல் எண், நாடு மூன்றும் அங்கே தெளிவாக இருக்க வேண்டும். பொய்யான வர்த்தக விவரம் போட்டு விற்பது மலேசியாவில் 2011-ஆம் ஆண்டு வர்த்தக விவரச் சட்டப்படி குற்றம், ஆகவே ரசீதில் பிராண்டையும் மாடலையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடை.

கடையில் சும்மா கையில் பிடித்துப் பார்த்து வாங்காதீர்கள். "பாஸ், காற்று போட்டுக் காட்டுங்க" என்றால் பெரும்பாலான தவுக்கேக்கள் மறுக்க மாட்டார்கள். முதலில் காற்று இல்லாமல் ஆன்வில்லைக் கையால் திருப்புங்கள்: சுத்தியல் 'டக்' என்று கொளுவி விலகுவது விரலில் தெரியும், கரகரப்பு இருக்கக் கூடாது. பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் லேசான ஆட்டம் இருக்கலாம், கடகடவென்று ஆடினால் வேண்டாம். அப்புறம் காற்றைப் போட்டு விசையை மெல்ல அழுத்துங்கள். நல்ல கன் மெதுவாகவும் சுற்றும், வேகமாகவும் சுற்றும். மட்டமானது ஒன்று நிற்கும், இல்லையென்றால் சீறும். கடைசியாக வைஸில் மாட்டிய ஒரு போல்டை இறுக்கிக் கழற்றச் சொல்லுங்கள். அடி சீராக விழ வேண்டும். ஏற்ற இறக்கமாக விழுந்தால் காற்று குறைவா கன் கோளாறா என்று அதே ஹோஸில் இன்னொரு கன்னை மாட்டினால் தெரிந்துவிடும். இத்தனையும் செய்யும்போது உங்கள் கையில் கன் இருக்கக் கூடாது, மச்சான் கையில் இருக்க வேண்டும். நாள் முழுக்கத் தூக்கப்போவது அவர் தோள். அரை இஞ்சில் 2 கிலோவுக்கும் 2.7 கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாயங்காலம் அவர் சொல்வார்.

அதே கடையில் வேன் செட் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கன்னுக்குள் காற்று தள்ளிச் சுற்றும் மெல்லிய தகடுகள் அவை, தேய்வது அவைதான். அது கிடைக்காத கன் எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் தேய்ந்த பிறகு பேப்பர் பறக்காமல் வைக்கத்தான் உதவும். உடனேயே ஒரு செட் கூடுதலாக வாங்கிவிடுவது நல்லது. கூடவே ஒரு புட்டி ஏர் டூல் எண்ணெய், கறுப்பு நிற இம்பெக்ட் சாக்கெட். பளபள குரோம் சாக்கெட்டை இதில் மாட்டக் கூடாது, வெடித்துச் சில்லு பறக்கும், கண் போய்விடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் வெளிநாட்டிலிருந்துதான் கொண்டுபோவேன் என்றால், எண்ணெயை வடித்துத் துடைத்துவிட்டுச் செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். 1 இஞ்ச் கன் பத்து கிலோவைத் தாண்டுவதும் உண்டு, மற்ற சாமானுக்கு இடமிருக்காது. அமெரிக்கக் கன் என்றால் காற்று வாயின் மரை என்.பி.டி. வகை; ஊரில் கிடைக்கும் ஃபிட்டிங் பெரும்பாலும் பி.எஸ்.பி. கால் இஞ்ச் அளவில் என்.பி.டி.க்கு இஞ்சுக்கு 18 மரை, பி.எஸ்.பி.க்கு 19. டெஃப்லான் டேப்பைச் சுற்றி முறுக்கினால் ஏறுவது போல ஏறும், கடைசியில் கசியும் அல்லது அலுமினிய உடம்பில் விரிசல் விழும். சரியான அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள். கப்ளர் ஊரில் நிட்டோ வகைதான் அதிகம், இங்கிலாந்துக் கப்ளர் அதில் சேராது. வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

பேட்டரி கன் கேட்கிறார்கள் என்றால் உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணி வரை சிக்கலில்லை: 18 வோல்ட் 5 ஆம்பியர்-மணி என்றால் 90, தப்பித்தது. 12 ஆம்பியர்-மணி என்றால் 216, விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். அமெரிக்க 120 வோல்ட் சார்ஜரை ஊரின் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான்.

கொடுத்த பிறகு சும்மா இருக்காமல் லோரிப் பக்கம் போய் உதவி செய்ய ஆசை வரும். பழைய ஜப்பான் முறை லோரிகளில் இடப்பக்கச் சக்கரத்து நட்டுகள் இடது மரை, நாம் கழற்றுவதாக நினைத்து முறுக்கும் திசையில் அவை இன்னும் இறுகும். இறுக்கும்போதும் கன்னால் முடித்துவிடாதீர்கள், கடைசி இறுக்கம் டார்க் ரென்ச்சில். தினமும் காலையில் காற்று வாயில் நான்கு சொட்டு எண்ணெய், சாயங்காலம் கம்ப்ரெசரின் அடி வால்வைத் திறந்து தண்ணீர் வடிப்பது, இரண்டையும் கடைப் பையனிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் தொட்டிக்குள் எவ்வளவு தண்ணீர் சேருகிறது என்று ஒருமுறை திறந்து பார்த்தால் தெரியும்.

ஈப்போ போக ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பல ஹார்ட்வேர் கடைகள் சாத்தியிருக்கும். சீனப் புத்தாண்டை ஒட்டி ஊருக்குப் போகிறவர்கள் பெருநாளுக்கு முந்தைய வாரமே வேலையை முடித்துவிடுங்கள்.