எல்லாச் ‘சாப்பிட்டேனும்’ ‘ஏட்’ ஆகாது: ‘ஈட்’ பழக ஒரு நோட்டும் ஒரு நாளும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். மேலதிகாரி போன் செய்து விசாரித்தார். “ஐ ஏட் டூ டேப்லெட்ஸ், சார்” என்றேன். அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம், அப்புறம் அடக்கிக்கொண்ட சிரிப்பு. மாத்திரையை மிட்டாய் மாதிரி மென்று தின்றதாகச் சொல்லியிருக்கிறேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

தப்பு என்னுடையது மட்டுமில்லை, நம் ‘சாப்பிடு’க்கும் அதில் பங்கு உண்டு. சோறு, காபி, மருந்து, லஞ்சம் என்று எதையும் அது விட்டுவைக்காது. ஆங்கிலத்தின் ‘ஈட்’ (eat; இறந்தகாலம் ‘ஏட்’) அவ்வளவு தாராளம் கிடையாது. அதனால் ‘ஈட் என்பதற்கு ஐம்பது மாற்றுச்சொற்கள்’ வகைப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் வாயில் வரும் தமிழிலிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

படி 1: நோட்டில் எழுதுங்கள்

ஒரு நாள் முழுக்க நீங்களும் வீட்டில் இருப்பவர்களும் ‘சாப்பிடு’, ‘தின்னு’ என்று சொல்லும் வாக்கியங்களை அப்படியே குறித்துவையுங்கள். திருத்தவே வேண்டாம். “தலையைத் தின்னாதே” வந்தால் அதுவும் இருக்கட்டும்.

படி 2: உள்ளே போவது எது என்று பாருங்கள்

இட்லி, சோறு, பழம் என்றால் ‘ஈட்’. காபி, மோர் என்றால் ‘டிரிங்க்’. மருந்து என்றால் ‘டேக்’. மாத்திரை, டானிக் இரண்டுக்கும் அதே சொல்தான். லஞ்சத்துக்கும் ‘டேக்’தான், அங்கே ‘ஈட்’ போட்டால் புரியாது. சூப் மட்டும் கொஞ்சம் வேடிக்கை: கிண்ணத்தில் வைத்து ஸ்பூனால் சாப்பிட்டால் ‘ஈட்’, கோப்பையைத் தூக்கி உறிஞ்சினால் ‘டிரிங்க்’.

எது என்று குழப்பமாக இருந்தால் ‘ஹேவ்’ இருக்கிறது. டீயானாலும் தோசையானாலும் செல்லும், மரியாதையாகவும் ஒலிக்கும். “ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்” என்பது சரியான ஆங்கிலம். ‘ஹேவிங்’ என்று சொல்லவே கூடாது என்று யாராவது பயமுறுத்தியிருந்தால், அது “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” போன்ற வாக்கியத்துக்குத்தான் பொருந்தும். அண்ணன் தம்பிகளை யாரும் சாப்பிடுவதில்லையே.

படி 3: காலத்தைச் சரிபாருங்கள்

ஈட், ஏட், ஈட்டன். நடுவில் இருப்பதை அமெரிக்கர்கள் ‘எய்ட்’ என்பார்கள். பிரிட்டிஷ்காரர்கள் பலர் ‘எட்’ என்பார்கள். இரண்டும் சரிதான். “சாப்பிட்டீங்களா?” என்பதற்கு “ஹேவ் யூ ஈட்டன்?” அல்லது “டிட் யூ ஈட்?”. ‘டிட்’ வந்துவிட்டால் பின்னால் ‘ஏட்’ வராது. இந்தப் படிக்கு இது போதும்.

படி 4: எப்படிச் சாப்பிட்டார்கள்?

எனக்குப் பிடித்த படி இதுதான். இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கும். அணில் கொறிப்பது ‘நிபிள்’. முறுக்கைக் கடகடவென்று நொறுக்கினால் ‘கிரஞ்ச்’. பொரியை வாயில் போட்டு அசைபோட்டுக்கொண்டே இருந்தால் ‘மஞ்ச்’. மெல்வது ‘ச்யூ’, விழுங்குவது ‘ஸ்வாலோ’. குழந்தை சாப்பிடாமல் சோற்றை அளைந்துகொண்டே இருக்குமே, அது ‘பிக் அட்’. ஆடு மாடு மேய்வது ‘கிரேஸ்’. வேளைக்கு உட்காராமல் நாள் முழுக்க அதையும் இதையும் வாயில் போட்டுக்கொள்ளும் மனிதர்களுக்கும் அதையே சொல்வார்கள்.

அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வது ‘காபிள்’. வான்கோழி கத்துவதற்கும் இதே சொல்தான். இன்னும் வெறியோடு என்றால் ‘வுல்ஃப் டவுன்’, அதாவது ஓநாய் மாதிரி. ‘டிவவர்’ அதற்கும் ஒரு படி மேலே: பசித்த புலி மானை டிவவர் செய்யும், தீ காட்டை டிவவர் செய்யும், புத்தகப் பைத்தியம் ஒரே இரவில் நாவலை டிவவர் செய்யும்.

‘டைன்’ உடுத்திக்கொண்டு போகும் சொல். “ஐ டைன்ட் இட்லி” என்று எழுதக்கூடாது. எதைச் சாப்பிட்டோம் என்பதை அதன் பின்னால் நேரடியாக வைக்க முடியாது. வெளியே சாப்பிடப் போனதைச் சாதாரணமாகச் சொல்ல ‘ஈட் அவுட்’ போதும். ‘கன்ஸ்யூம்’ மின்கட்டணக் கணக்குக்குப் பொருந்தும், “அம்மா, ஐ கன்ஸ்யூம்ட் தோசை” என்று வீட்டில் பேசினால் சிரிப்பார்கள்.

உண்பதற்கும் தின்பதற்கும் நாம் பார்க்கும் வித்தியாசம் ஜெர்மன் மொழியிலும் உண்டு. மனிதர்கள் சாப்பிட்டால் ‘எஸன்’, விலங்குகள் தின்றால் ‘ஃப்ரெஸன்’. ஆங்கிலத்தில் இந்த இரண்டாவது சொல்லின் உறவுதான் ‘ஃப்ரெட்’. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தின்று தீர்ப்பது என்று பொருள், இன்றைக்குக் கவலைப்படுவது. கவலை ஆளைத் தின்னும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

படி 5: வாயில்லாதவை தின்னும்போது

நோட்டில் “துரு அரிச்சிடுச்சு” இருக்கிறதா? அது ‘ஈட் அவே’. சேமிப்பில் வாடகை கை வைத்தால் ‘ஈட் இன்டு’. மொபைலில் ஏதோ ஒரு ஆப் பேட்டரியை விழுங்கினால் ‘ஈட் அப்’. முகம் வாடிய நண்பரிடம் “உன்னை எது அரிக்குது?” என்போமே, ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அதேதான்: “வாட்ஸ் ஈட்டிங் யூ?”

“தலையைத் தின்னாதே” மட்டும் அப்படியே போகாது. “டோன்ட் ஈட் மை ஹெட்” என்பது இந்தியாவுக்குள் விலைபோகும். வெளியே “ஸ்டாப் பக்கிங் மீ” என்றால்தான் புரியும். ‘ஈட் யுவர் வேர்ட்ஸ்’ என்று கேட்டால் வார்த்தையை மென்று விழுங்குவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொன்னது தப்பு என்று வெட்கத்தோடு ஒத்துக்கொள்வது அது.

படி 6: ஒரு வாக்கியத்தை மாற்றிப் பாருங்கள்

என் நோட்டிலிருந்து ஒன்று: “தம்பி நாலு இட்லியை அவசரமாச் சாப்பிட்டான், பாப்பா சரியாவே சாப்பிடலை, பாட்டி மாத்திரை சாப்பிட்டுட்டுக் காபி சாப்பிட்டாங்க.”

தம்பிக்கு ‘காபிள்ட்’. அளைந்துகொண்டிருந்த பாப்பாவுக்கு ‘பிக்ட் அட்’. பாட்டியின் மாத்திரைக்கு ‘டுக்’, காபிக்கு ‘டிராங்க்’. நாலு சாப்பாடு முடிந்தது, ‘ஏட்’ ஒரு தடவைகூட வரவில்லை.