மேசன் எதிர்ப்புக் கட்சி: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ரீமேசன்கள் (சுருக்கமாக மேசன்கள்) என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தை எதிர்த்து எழுந்தது மேசன் எதிர்ப்புக் கட்சி. இரு பெரும் கட்சிகளுக்கு வெளியே தோன்றிய அமெரிக்காவின் முதல் 'மூன்றாவது கட்சி' என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் அது சுமார் பத்து ஆண்டுகளே இயங்கியது. 1828இல் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உருவாகி, 1838 வாக்கில், அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனை எதிர்த்து உருவான விக் கட்சியோடு கரைந்துவிட்டது. ஆயுள் குறைவு என்பதாலோ என்னவோ, போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் காணொளிகளிலும் அதைப் பற்றி அரைகுறைத் தகவல்களே சுற்றிவருகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இதை ஒரு மர்மக் கதையாகச் சுருக்கிவிடுவது. கதையின் தொடக்கம் உண்மையிலேயே மர்மம்தான். படேவியா என்ற சிற்றூரில் வசித்த வில்லியம் மார்கன் என்ற கொத்தனார், ஃப்ரீமேசன்களின் ரகசியச் சடங்குகளை அச்சிட்டு வெளியிடப்போவதாக அறிவித்தார். 1826 செப்டம்பரில், அவருடைய பதிப்பாளர் டேவிட் மில்லரின் அச்சகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. செப்டம்பர் 11 அன்று மார்கன் கைதாகி கனன்டைகுவா சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். முதல் குற்றச்சாட்டு நிற்கவில்லை. உடனே 3 டாலருக்கும் குறைவான ஒரு கடனைக் காட்டி மறுபடி அடைத்தார்கள். மறுநாள் இரவு வேறு சிலர் அந்தக் கடனைக் கட்டி அவரை வெளியே எடுத்தார்கள். வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றி நயாகரா கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவர் திரும்பவில்லை.

பலர் இதோடு நிறுத்திவிட்டு, "மக்கள் கொதித்தெழுந்து கட்சி தொடங்கினார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். கட்சியைப் பிறப்பித்தது கடத்தலுக்குப் பிறகு நீதிமன்றங்களில் நடந்ததுதான். 1827 ஜனவரி வழக்கில் நான்கு பேருக்குத் தண்டனை கிடைத்தது. குறைந்தது ஒரு மாதம், கூடியது இரண்டு ஆண்டு. அப்போதைய நியூயார்க் சட்டத்தில் ஆள்கடத்தல் பெருங்குற்றமாக இருக்கவில்லை. ஜூரிகளைத் தெரிவு செய்யும் ஷெரீப்புகளில் (மாவட்டச் சட்ட ஒழுங்கு அதிகாரிகளில்) பலர் மேசன்கள். நயாகரா மாவட்ட ஷெரீப் எலி புரூஸே கடத்தலில் பங்கேற்றவர். ஆளுநர் டிவிட் கிளின்டன் அவரைப் பதவிநீக்கம் செய்தார், பின்னர் புரூஸ் 28 மாதம் சிறையில் இருந்தார். அந்தக் கிளின்டனும் மேசன் அமைப்பில் உயர்பதவி வகித்தவர்தான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் வழக்குகள் இழுபட்டன, சாட்சிகள் வாய் திறக்க மறுத்தார்கள். சக உறுப்பினருக்கு எடுத்த சத்தியமா, நீதிமன்றத்தில் எடுக்கும் சத்தியமா, எது பெரிது என்ற கேள்வி விவசாயிகளின் வீடுவரை போனது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றா என்ற இந்தக் கோபத்தை விட்டுவிட்டால் கட்சி புரியவே புரியாது.

"மார்கன் கொலை செய்யப்பட்டார்" என்று உறுதியாக எழுதுவதும் பிழை. கொலை நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது பெரும்பாலோர் முடிவு, ஆனால் நிரூபிக்கப்படவில்லை. 1827 அக்டோபரில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் ஒதுங்கிய சடலம் மார்கனுடையது என முதலில் அறிவிக்கப்பட்டது. மறுவிசாரணையில் அது திமதி மன்ரோ என்ற கனடாக்காரருடையது என முடிவானது. முதல் அறிவிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு "உடல் கிடைத்தது" என எழுதுபவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

மாநாட்டுத் தேதிகளிலும் குழப்பம் உண்டு. 1830 செப்டம்பரில் பிலடெல்பியாவில் நடந்தது மேசன் எதிர்ப்புக் கட்சியின் முன்னோட்டக் கூட்டம். அங்கே வேட்பாளர் யாரும் தேர்வாகவில்லை. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த முதல் தேசிய மாநாடு, இந்தக் கட்சியுடையது, 1831 செப்டம்பர் 26 அன்று பால்டிமோரில் கூடியது. அதே ஊரில் ஹென்றி கிளேயின் தேசியக் குடியரசுக் கட்சியினர் அந்த டிசம்பரிலும், ஜாக்சனின் கட்சியினர் 1832 மே மாதத்திலும் மாநாடு நடத்தினார்கள். ஊர் ஒன்று என்பதால் மூன்றையும் கலந்துவிடக் கூடாது.

மேசன் எதிர்ப்புக் கட்சி மாநாடு அதிபர் வேட்பாளராக நிறுத்திய வில்லியம் வர்ட், மேசன்களின் பரம எதிரி அல்லர். இளமையில் தாமே மேசனாக இருந்தவர். அந்த அமைப்பில் குற்றம் எதையும் தாம் கண்டதில்லை என்பதையும் வேட்பை ஏற்ற கடிதத்திலேயே எழுதினார். எதிரே நின்ற ஆண்ட்ரூ ஜாக்சனும் ஹென்றி கிளேயும் தத்தம் மாநிலங்களில் மேசன்களின் தலைவர்களாக இருந்தவர்கள்.

1832 தேர்தல் கணக்கைக் கையாளும்போது கூடுதல் கவனம் வேண்டும். வர்ட்டுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சம் வாக்குகள், மொத்தத்தில் 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளான தேர்வாளர்களின் வாக்குகளில், வெர்மான்ட்டின் 7 மட்டும் அவருக்கு விழுந்தன. இதை அப்படியே கட்சியின் பலமாக எடுத்துக்கொள்வது தவறு. அந்த 1 லட்சத்தில் 66,000க்கு மேல் பென்சில்வேனியாவிலிருந்து வந்தவை. அங்கே கிளே களத்திலேயே இல்லை. ஜாக்சனை எதிர்த்தவர்கள் எல்லாரும் வர்ட்டின் தேர்வாளர் பட்டியலுக்கு வாக்களித்தார்கள். கட்சி பிறந்த நியூயார்க்கிலோ நிலைமை நேர்மாறு. கிளே ஆதரவாளர்களுடன் கூட்டுப் பட்டியல் போட்டதால் வர்ட்டின் பெயரில் தனி எண்ணிக்கையே கிடையாது. ஆக, ஒரு மாநிலத்தில் பலம் ஊதிக் காட்டப்படுகிறது, இன்னொன்றில் காணாமலே போகிறது. தேசிய சதவீதத்தைச் சொல்பவர் இந்த இரண்டையும் கூடவே சொல்லியாக வேண்டும். நம்பி எடுக்கக்கூடிய மாநிலம் வெர்மான்ட். மூன்று முனைப் போட்டியில் வர்ட் அங்கே சுமார் 40 சதவீதம் பெற்றார்.

1850களின் நோ-நத்திங் கட்சியோடு இதைக் குழப்புவோரும் உண்டு. அது குடியேறிகளையும் கத்தோலிக்கரையும் எதிர்த்த கட்சி, தானே ரகசியச் சங்கமாகத் தொடங்கியது. குழப்பத்துக்கு ஒரு காரணம் மில்லார்ட் ஃபில்மோர். 1828இல் மேசன் எதிர்ப்பாளராக நியூயார்க் சட்டமன்றத்துக்குப் போனவர், அதிபராக இருந்து முடித்த பிறகு 1856இல் அந்த இன்னொரு கட்சியின் வேட்பாளராக நின்றார்.

"ஒரு மாநிலத்தோடு முடிந்துபோன கட்சி" என்பதும் சரியல்ல. வெர்மான்ட்டில் வில்லியம் பாமர் 1831 முதல் 1835 வரை ஆளுநர். பென்சில்வேனியாவில் ஜோசப் ரிட்னர் 1835இல் வென்று 1839 வரை ஆண்டார். அங்கே இதே கட்சிக்காரரான தாடியஸ் ஸ்டீவன்ஸ்தான், இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்து செய்ய நடந்த முயற்சியை 1835இல் சட்டமன்றத்தில் எதிர்த்துத் தடுத்தவர். பின்னாளில் லிங்கனின் வெளியுறவு அமைச்சரான வில்லியம் சீவர்டு, 1830இல் இந்தக் கட்சியின் வழியாகத்தான் மாநில செனட்டுக்குள் நுழைந்தார். முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1833இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் பதவிக்கு இதன் சார்பில் நின்று தோற்றார். தாக்கம் மேசன்களோடும் நிற்கவில்லை. ஹார்வர்டில் ஃபை பீட்டா காப்பா என்ற மாணவர் கழகம் 1831இல் தன் ரகசிய உறுதிமொழியைக் கைவிட்டது இந்த எதிர்ப்பு அலையில்தான்.