பீர் காய்ச்சும் நாளுக்கு ஆர்.ஓ. தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைப்பது எப்படி

மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, அரைத்தாகிவிட்டது, அடுப்பும் தயார், ஆனால் ஆர்.ஓ. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருக்கிறது. முதல் தடவை எனக்கு அரை நாள் இப்படித்தான் போனது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் மணிக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் தந்தாலே பெரிய விஷயம். அதனால் இரண்டு நாள் முன்பே பிடிக்க ஆரம்பித்துவிடுங்கள்.

எவ்வளவு வேண்டும்? 20 லிட்டர் பீருக்கு 20 லிட்டர் தண்ணீர் போதாது. ஒரு கிலோ மால்ட் ஏறக்குறைய ஒரு லிட்டரைக் குடித்துவிடும், ஒரு மணி நேரக் கொதியில் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும், பானையின் அடியில் வண்டலோடு ஒன்றிரண்டு லிட்டர் தங்கிவிடும். 5 கிலோ மால்ட் போட்டால் கணக்கு 30 லிட்டருக்கு வரும்; நான் 35 பிடித்துவிடுவேன், கடைசி நேரத்தில் குறைந்தால் அழ வேண்டியிருக்கும்.

உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் கேன் போதும், அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்ட ஹெச்.டி.பி.ஈ. நல்லது. ஊறுகாயோ எண்ணெயோ இருந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் வாசனை போகாது, விட்டுவிடுங்கள். எவர்சில்வர் சரி; செம்பும் துத்தநாகம் பூசிய வாளியும் வேண்டாம், தாது இல்லாத தண்ணீர் உலோகத்தை அரிக்கும். 20 லிட்டர் கேன் 20 கிலோ கனக்கும் என்பதைத் தூக்கும்போதுதான் உணர்வோம், ஆகவே 10 லிட்டர் கேன்களாக வாங்குங்கள். கேனைக் கழுவ ப்ளீச் வேண்டாம். அதன் குளோரின் கொஞ்சம் தங்கினாலும் மால்ட்டில் உள்ள பீனால்களோடு சேர்ந்து பீரில் மருந்து வாடை அடிக்கும்.

இயந்திரம் சில மணி நேரம் சும்மா இருந்திருந்தால், முதலில் வருகிற ஒன்றிரண்டு லிட்டரைக் கேனில் பிடிக்காதீர்கள். உள்ளே வடிகட்டும் சவ்வின் இரு பக்கமும் உப்பு சமமாகப் பரவிவிடுவதால் அந்தத் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, ஏறியிருக்கும். டிடிஎஸ் மீட்டரில் எண் இறங்கி நிலையாக நின்ற பிறகு பிடியுங்கள். கழிவு நீரையும் ஒரு வாளியில் சேர்த்து வையுங்கள், பாத்திரம் கழுவ ஆகும். அப்புறம், குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நான் போனேன், காலையில் தரையெல்லாம் சுத்திகரித்த தண்ணீர்.

இனி முக்கியமான விஷயம். ஆர்.ஓ. தண்ணீரில் கிருமியைத் தடுக்கும் குளோரின் கிடையாது, அதனால் திறந்து வைத்தால் அதில் எதுவும் வளரும். கேனை விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பெயின்ட், பெட்ரோல் பக்கத்தில் வேண்டாம், அவற்றின் ஆவி பிளாஸ்டிக்கை ஊடுருவி உள்ளே போகும். இரண்டு மூன்று நாளில் பயன்படுத்திவிட்டால் கவலை இல்லை, எப்படியும் கொதிக்கத்தானே போகிறது. ஆனால் கொதித்து முடிந்த பிறகு அளவு குறைந்தால் ஃபெர்மென்டரில் (பீர் நொதிக்கும் பாத்திரத்தில்) ஊற்றும் தண்ணீர், உலர் ஈஸ்ட்டை ஊறவைக்கும் தண்ணீர் இரண்டும் கொதிக்காமல் நேராக உள்ளே போகிறவை. அவற்றை முந்தின இரவே தனியாகக் கொதிக்க வைத்து, மூடியபடியே ஆறவிட்டு, சானிடைசர் போட்ட பாட்டிலில் வையுங்கள். ஃபெர்மென்டருக்கான பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்தால் வோர்ட்டை, அதாவது கொதித்த மால்ட் சாற்றை, ஆற்றவும் உதவும்.

தேங்கிய தண்ணீரின் பிஹெச் 6க்குக் கீழே காட்டினால் பயப்படாதீர்கள், காற்றிலிருந்து கரியமில வாயு கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது மாஷின், அதாவது வெந்நீரில் மால்ட் ஊறும் கலவையின், பிஹெச், அது 5.2 முதல் 5.6க்குள் இருந்தால் சரி.

ஆர்.ஓ. தண்ணீரில் இல்லாத தாதுக்களுக்காகச் சேர்க்கும் உப்புகளைக் கேனிலேயே போட்டு வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும், சரியாகக் கலக்காவிட்டால் அடியில் தங்கி ஒரு கேனுக்கும் இன்னொன்றுக்கும் கணக்கு மாறிவிடும். காய்ச்சும் அன்று போடுங்கள். 30 லிட்டருக்கு 3 கிராம் ஜிப்சமும் 3 கிராம் கால்சியம் குளோரைடும் சேர்த்தால் கால்சியம் சுமார் 50 பிபிஎம் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) வரும், பெரும்பாலான பீருக்கு அது போதும்.

மீந்ததைக் கொட்டிவிடாதீர்கள். அமில வகை சானிடைசரை அதில் கலந்தால், கடின நீரில் போல உடனே கலங்காமல் பல நாள் தெளிவாக இருக்கும்.