எடையோடு தெம்பும் இறங்கினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நடைக்குப் புதிதாக வருகிறவர்கள், அந்தக் காலத்தில் நான் அடித்த கூத்தையே அடிக்கிறார்கள். பஜ்ஜி, பரோட்டா வேண்டாம் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். எடை குறைந்தால் மூட்டுக்குப் பாரம் குறைந்து தெம்பு கூடத்தான் வேண்டும். பலருக்கு நேர்மாறாகப் போகிறது.

சாப்பாட்டைப் பாதியாக்கி, நடையை இரட்டிப்பாக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, காலையில் கறுப்புக் காபி, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒரு சப்பாத்தி என்று இறங்கினார். முதல் வாரமே மூன்று கிலோ போச்சு. "அண்ணே, மெஷின்ல பாருங்க!" என்று போட்டோ வேறு.

அதில் கொழுப்பு கொஞ்சம்தான். கல்லீரலிலும் தசையிலும் உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன், கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் இரண்டும் காலி. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். மூன்று கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், நாளுக்கு 3,300. நடக்கிற காரியமா?

அப்புறம் எடை இறங்குவது நின்றது. ஆபீஸ் ஏசியில் அவருக்கு மட்டும் குளிர், ஒரு மாடிக்குக்கூட லிஃப்ட். உள்ளே போவது குறைந்தால் உடம்பு செலவைச் சுருக்கும். எழுவது, நடப்பது எல்லாம் நமக்கே தெரியாமல் குறையும். கடற்கரையில் எரித்ததை சோபாவில் மிச்சம் பிடித்துவிடும். தம்பியோ தனக்குச் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டி, அந்தச் சப்பாத்தியையும் நிறுத்தினார்!

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். எடையில் சுமார் கால்பங்கு போனது; கூடவே சோர்வு, குளிர், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. அவர்களுக்கே நாளுக்குச் சுமார் 1,570 கலோரி கிடைத்தது. தம்பியின் தட்டில் அதில் பாதிகூட இல்லை.

நாளுக்கு 500 கலோரி குறைத்தால் போதும், வாரம் அரை கிலோ வரும். இட்லியோடு ஒரு முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். தசை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும்.

சர்க்கரை மாத்திரையை அதே அளவில் தொடர்வது

சாப்பாடு குறைந்து மாத்திரை குறையாவிட்டால், சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்து நடுரோட்டில் மயக்கம் வரும். முதலில் டாக்டர், அப்புறம் டயட்.

எல்லாச் சோர்வுக்கும் டயட்டைக் குறை சொல்வது

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் பாருங்கள். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் கீரையில் உள்ள இரும்புச்சத்தும் சரியாகச் சேராது.

மே மாத வெயிலில் வெறும் தண்ணீர்

வியர்வையோடு உப்பும் போய்விடும், உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். பிபி இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

தூக்கம்

பன்னிரண்டு மணி வரை செல்போன், ஐந்து மணிக்கு அலாரம். இதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.