தண்டையார்பேட்டையிலிருந்து ரோலர் கோஸ்டர் வரை: கிறிஸ்துமஸ் கூட்டத்தில் தீம் பார்க் போகும் முறை

சென்னையில் தீம் பார்க் கட்டியவர்கள் யாருக்கும் வடக்கு என்று ஒரு திசை இருப்பதே தெரியாது போலிருக்கிறது. வி.ஜி.பி. ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது, எம்.ஜி.எம். முட்டுக்காட்டில், குயின்ஸ்லாந்து பூந்தமல்லி தாண்டிச் செம்பரம்பாக்கத்தில். 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா இன்னும் தெற்கே, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். அடையாற்றுக்காரர் சாவகாசமாகக் குளித்துக் கிளம்பினாலும் போதும். தண்டையார்பேட்டையில் இருக்கும் நாங்கள் பால் வண்டியோடு எழுந்தால்தான் அதே நேரத்துக்கு வாசலில் நிற்க முடியும்.

இதை நான் கற்றுக்கொண்டது பணம் கொடுத்து. சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் 27-ம் தேதி. வீட்டில் பூரி கிழங்கு சாப்பிட்டுவிட்டு, வேனில் ஆறு பேர், ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். பார்க் வாசலைத் தொட்டபோது மணி பன்னிரண்டே முக்கால். டிக்கெட் கவுண்டரில் நாற்பது நிமிடம். மாலை வரை நாங்கள் ஏறியது மூன்றே மூன்று ரைடு. அதில் ஒன்று குழந்தைகள் ரயில். அதற்குப் பிறகு மூன்று முறை போய்விட்டேன், ஒரு பக்குவம் வந்திருக்கிறது. முதல் முறையாகக் கிளம்புகிறவர்களுக்கு அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடுவது பெரும்பாலும் டிசம்பர் 24 வாக்கில். அன்றிலிருந்து புத்தாண்டு வரை எல்லா நாளும் கூட்டம்தான். ஆனாலும் கூட்டத்தில் ரகம் உண்டு. சனி, ஞாயிறு கூடவே கூடாது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே வரும் செவ்வாயோ புதனோ இருப்பதற்குள் நல்லது, ஏனென்றால் அலுவலகம் போகிற அப்பாக்கள் எல்லோருக்கும் அன்று விடுப்பு கிடைப்பதில்லை.

26-ம் தேதி எங்கள் வீட்டில் கணக்கிலேயே கிடையாது. 2004 சுனாமி நாள். காசிமேட்டில் கடலில் பாலூற்றி அஞ்சலி செலுத்துவார்கள், என் மாமியார் போகாமல் இருக்க மாட்டார். 31-ம் தேதியும் வேண்டாம். புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்காக அன்று இரவு காமராஜர் சாலையில் போக்குவரத்தைத் தடுத்துவிடுவார்கள். ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க வாகனத் தணிக்கை நடக்கும். தூங்கிப்போன பிள்ளைகளோடு அதில் மாட்டிக்கொண்டு வடசென்னை வந்து சேருவது தேவையில்லாத வேலை.

இரண்டாம் படி: டிக்கெட்டுக்கு முன் பென்சிலை எடுங்கள்

டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள், கவுண்டர் வரிசை மிச்சமாகும். சில இடங்களில் கொஞ்சம் விலையும் குறையும். அதற்கு முன் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்க வைத்து, தலைக்கு மேல் ஒரு பென்சில் கோடு போட்டு அளந்துவிடுங்கள். குழந்தைக் கட்டணத்தைப் பல பார்க்குகளில் வயதை வைத்து முடிவு செய்வதில்லை, உயரத்தை வைத்துத்தான். பெரிய ரைடுகளுக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. 120 சென்டிமீட்டர், 140 சென்டிமீட்டர் என்று ரைடுக்கு ரைடு மாறும். இருக்கையின் பூட்டுக்கம்பி அந்த உடலளவை வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது, காவலரிடம் கெஞ்சிப் பயனில்லை.

நாத்தனார் மகன் அன்று ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றான். படியின் உச்சியில் அளவுப் பலகை. ஒரு விரற்கடை குறைந்தது. காலையில் தண்ணீர் தொட்டு மேலே தூக்கி வாரிய முடியை அந்த ஊழியர் உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். “அத்தை, சாயங்காலத்துக்குள் இரண்டு சென்டிமீட்டர் வளர முடியுமா?” என்று கேட்டான். அளவை வீட்டிலேயே தெரிந்துகொண்டு, எந்த ரைடு யாருக்கு என்று முந்தின இரவே சொல்லிவிட்டால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.

கூடுதல் பணம் கட்டினால் வரிசையைத் தாண்டிப் போகும் விரைவு டிக்கெட்டும் சில பார்க்குகளில் உண்டு. ஆறு பேருக்கு அது பெரிய தொகை. ஏழு மணிக்கே கிளம்ப முடியாதவர்கள் வாங்கட்டும், நான் வாங்குவதில்லை.

மூன்றாம் படி: பை

தண்ணீர் ரைடுகளில் பருத்தி உடுப்புக்கு அனுமதியில்லை. நைலான் அல்லது பாலியெஸ்டர் நீச்சல் உடை கேட்பார்கள். பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைக்கும். ஜிப்பும் உலோகப் பொத்தானும் சறுக்கைக் கீறும். பார்க்குக்குள்ளேயே விற்கிறார்கள்தான், ஆனால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு நமக்குப் பக்கத்தில் இருக்கும்போது அங்கே போய் ஏன் வாங்க வேண்டும்? முந்தின வாரமே பேரம் பேசி வாங்கிவிடுங்கள்.

ஒரு துண்டு, ஒரு மாற்றுடை, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, குமட்டலுக்கு ஒரு எலுமிச்சம்பழம். இவ்வளவே போதும். நகை வேண்டாம், கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு மாட்டிக்கொள்ளுங்கள். வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள், கைக்குழந்தை உணவும் மருந்தும் விதிவிலக்கு. நாங்கள் புளியோதரையைத் தூக்கில் கட்டி வண்டியிலேயே வைத்துவிடுவோம். அது எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்காம் படி: கிளம்புதல்

இந்தப் படியில் சோம்பினால் மற்றவை எல்லாம் வீண். பார்க் திறப்பதற்கு அரை மணி முன்னதாக வாசலில் இருப்பது என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். திருவொற்றியூரிலிருந்து முட்டுக்காடு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு அது ஒன்றரை மணி நேரப் பயணம். ஒன்பதரைக்கு என்றால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், அடையாறு, திருவான்மியூர், அப்புறம் ஈ.சி.ஆர். முழுக்க நம்மைப் போன்ற இன்னொரு ஆயிரம் குடும்பங்கள். குயின்ஸ்லாந்து போகிறவர்கள் ஊருக்குள் நுழையவே வேண்டாம். மாதவரம், புழல் வழியாக மதுரவாயல் புறவழிச்சாலையைப் பிடித்துப் பூந்தமல்லி போய்விடலாம்.

சொந்த வண்டி இல்லையென்றாலும் கவலையில்லை. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு நமக்குப் பாதி வழி சுலபமாகிவிட்டது. மெட்ரோவில் சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலில் ஏறினால் திருவான்மியூர். அங்கிருந்து கோவளம், மாமல்லபுரம் செல்லும் பஸ் ஏதாவது ஒன்று. வி.ஜி.பி.யும் எம்.ஜி.எம்.மும் அந்தச் சாலையின் மேலேயே இருக்கின்றன.

காலையில் பூரி வேண்டாம். இரண்டு இட்லி, அவ்வளவுதான். எண்ணெய்ப் பலகாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு தலைகீழாகச் சுற்றினால் என்னவாகும் என்பதை என் கணவர் எங்கள் எல்லோருக்கும் காட்டிவிட்டார்.

ஐந்தாம் படி: உள்ளே, முதல் இரண்டு மணி நேரம்

வாசலைத் தாண்டியதும் கூட்டம் என்ன செய்யும் என்று பாருங்கள். முதலில் தென்படும் ராட்டினத்தில் போய் நிற்கும், இல்லையென்றால் பெரிய பொம்மை முன்னால் படமெடுக்கும். நீங்கள் நிற்காமல் நேராகக் கடைக்கோடிக்கு நடந்துவிடுங்கள். நீளமான வரிசை சேரும் ரைடு எதுவோ, பெரும்பாலும் ரோலர் கோஸ்டர்தான், அதில் முதலில் ஏறுங்கள். அங்கிருந்து வாசலை நோக்கித் திரும்பி வாருங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் நான்கு பெரிய ரைடு முடிந்துவிட்டால் டிக்கெட் பணம் வசூலானதாக எடுத்துக்கொள்ளலாம்.

இருக்கும் அத்தனை ரைடிலும் ஏறிவிட வேண்டும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஆளுக்கு ஒன்று கேளுங்கள், ஆறு பேருக்கு ஆறு ரைடு. மிச்சம் கிடைப்பது கொசுறு.

ஆறாம் படி: வரிசைக் கணக்கு

இது எனக்கு மிகப் பிடித்த பகுதி. வரிசையின் நீளத்தைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம். கைப்பேசியில் கடிகாரத்தை எடுங்கள். ஒரு முறை ரைடு கிளம்பியதிலிருந்து அடுத்த முறை கிளம்பும் வரை எத்தனை நிமிடம்? எத்தனை இருக்கை? ஆறு நிமிடத்துக்கு ஒரு சுற்று, 24 இருக்கை என்றால் மணிக்குப் பத்துச் சுற்று, 240 பேர். இப்போது வளைந்து வளைந்து போகும் கம்பி வரிசையில் ஒரு மடிப்பில் நிற்பவர்களை மட்டும் எண்ணி, மடிப்புகளால் பெருக்குங்கள். ஒரு மடிப்பில் 30 பேர், ஆறு மடிப்பு என்றால் 180 பேர். நாற்பத்தைந்து நிமிடம் நிற்க வேண்டும். நிற்பதா, நகர்வதா என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

இப்படி எண்ணத் தொடங்கிய பிறகுதான் ஒன்று புரிந்தது. ரைடு சுற்றுவதென்னவோ இரண்டு நிமிடம்தான். ஆட்களை இறக்கி, ஏற்றி, ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பூட்டைச் சரிபார்ப்பதில்தான் மீதி நேரம் போகிறது. அதனால் கொலம்பஸ் கப்பல் போல ஒரே நேரத்தில் நாற்பது பேரை விழுங்கும் ரைடில் வரிசை பயமுறுத்தினாலும் வேகமாகக் கரையும். ராட்சத ராட்டினம் நேரெதிர். ஒரு கூண்டை நிறுத்தி, இருவரை இறக்கி, இருவரை ஏற்றி, அடுத்த கூண்டு. வரிசையில் அறுபதே பேர் நிற்பார்கள், ஒரு மணி நேரம் போய்விடும். முட்டிக்கொள்ளும் டாஷிங் காரும் அந்த ரகம்.

கொலம்பஸில் முதல் முறை ஏறுகிறவர்கள் நடுவில் உட்காருங்கள். இரண்டு நுனிகளும்தான் உயரத்துக்குப் போய்ச் சட்டென்று இறங்கும், வயிறு காலியாவது போன்ற உணர்வு அங்கேதான். என் மாமியார் இது தெரியாமல் நுனியில் உட்கார்ந்தார். இறங்கியதும் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நிமிடம் கழித்து, “இன்னொரு முறை போகலாமா?” என்றார்.

ஏழாம் படி: ஊர் சாப்பிடும்போது ஏறுங்கள்

பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை எல்லோரும் சாப்பாட்டுக் கடையில் இருப்பார்கள். நீங்கள் பதினொன்றரைக்கே கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு அந்த நேரத்தில் ரைடு வரிசைக்குப் போங்கள், பாதியாக இருக்கும். சாப்பிட்டவுடன் சுற்றும் ரைடு மட்டும் வேண்டாம். அலைக் குளத்தில் அலை விடும் நேரத்தைப் பலகையில் எழுதியிருப்பார்கள். மணி அடித்ததும் கூட்டம் அங்கே ஓடும், மற்ற வரிசைகள் இளைக்கும்.

தண்ணீர் விளையாட்டை உச்சி வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் காலை பத்து மணித் தண்ணீர் பிள்ளைகளுக்குப் பல் கிட்டும், நான்கு மணிக்கு மேல் காற்றும் சேர்ந்துகொள்ளும். மூன்றரைக்கே கரையேறிவிடுங்கள். பெண்கள் உடை மாற்றும் அறையில் ஐந்து மணிக்குப் போனால் அங்கேயும் ஒரு வரிசை நிற்கும், அந்த வரிசைக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது.

எட்டாம் படி: பிள்ளைகள் தொலையாமல் இருக்க

காலையில் வாசலில் ஒவ்வொரு பிள்ளையையும் அன்றைய உடுப்போடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்பது தாய்க்கே மறந்துவிடும். கைப்பேசி எண்ணை முன்கையில் பேனாவால் எழுதுங்கள், தண்ணீரில் அழியாத மையாக இருக்கட்டும். பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடம் சொல்லிவையுங்கள். “வாசலில்” என்று சொல்லாதீர்கள், வாசல் கடலளவு இருக்கும். “அந்த யானைப் பொம்மையின் தும்பிக்கைக்குக் கீழே” என்று சொல்லுங்கள்.

மழை

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் மிச்சமிருக்கும். லேசான தூறலுக்கு ஒன்றும் ஆகாது. இடி மின்னல் என்றால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தும்போது நீங்கள் வரிசையின் முனையில் இருந்தாலும் இறங்கி வரத்தான் வேண்டும். டிக்கெட்டில் மழை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள், முந்தின இரவு வானிலை அறிக்கையைப் பாருங்கள். தூறல் விட்ட அரை மணி நேரம் பொன்னானது. பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள், ரைடுகள் திரும்பவும் ஓடும்.

கடைசிப் படி: திரும்புதல்

மூடும் நேரம் வரை இருந்தால் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வரவே அரை மணி ஆகும். மூடுவதற்கு முக்கால் மணி முன் நாங்கள் கிளம்பிவிடுவோம். லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்க மறக்காதீர்கள். வண்டிக்கு வந்ததும் தூக்கைத் திறக்கிறோம். காலையில் கிளறிய புளியோதரையில் மாலை ஆறு மணிக்குப் புளி நன்றாக இறங்கியிருக்கும். நாத்தனார் மகன் ஈரத்தலையோடு மூன்றாவது கை வாங்கிக்கொண்டு, போன முறை 138 என்றும் இந்த முறை 141 என்றும் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். திருவான்மியூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான்.